பாம்புகள் வரும்வரை பொறுங்கள்

இலத்தீன் கற்பவர்களில் பலர் நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. இலக்கணப் புத்தகம் முடிந்திருக்கும். ஐந்து பெயர்ச்சொல் வகைகளும் நான்கு வினை வாய்பாடுகளும் மனப்பாடமாகியிருக்கும். சீசரின் போர்க் குறிப்புகளில் சில அத்தியாயங்களை அகராதி துணையோடு கடந்திருப்பார்கள். அந்தத் தெம்பில் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தைத் திறப்பார்கள். பத்து வரிக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் பார்த்த பிறகும் வாக்கியம் கூடிவராது. பிறகு மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். சில வாரங்களில் கண் முழுக்க மொழிபெயர்ப்பின் மேலேயே இருக்கும்.

இப்படி நின்றுபோனவர்கள் சிலரோடு வாரந்தோறும் இணையவழியில் உட்கார்ந்து காவியம் வாசிக்கிறேன். அவர்கள் யாருக்கும் இலக்கண அறிவு குறைவில்லை. எந்த வினையைக் கேட்டாலும் எண், இடம், காலம் எல்லாம் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குப் பழகாதது ஒன்றுதான்: வந்த சொல்லை வந்த இடத்திலேயே மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகப் பொறுத்திருப்பது. உரைநடையில் அந்தப் பழக்கம் இல்லாமலே தப்பித்துவிடலாம். காவியத்தில் முடியாது.

"முதலில் வினையைத் தேடு, பிறகு எழுவாயைத் தேடு, பிறகு மற்றவற்றை ஒட்டு" என்று பல வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். சீசரிடம் இது ஓரளவு செல்லுபடியாகும். வெர்ஜிலிடம் இந்த முறையோடு போனால் கவிதை கையில் சிக்காது. ஏன் என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

ஈனியட்டின் இரண்டாம் காண்டம். டிராய் நகரம் விழுந்த கதையை, அங்கிருந்து தப்பி வந்த காவிய நாயகன் ஈனியாஸ், கார்த்தேஜ் அரசி டிடோவின் விருந்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான். பத்தாண்டு முற்றுகைக்குப் பிறகு கிரேக்கர்கள் கரையில் ஒரு மரக்குதிரையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உண்மையில் எதிரே தெரியும் தெனெதோஸ் தீவின் மறைவில் அவர்களுடைய கப்பல்கள் நிற்கின்றன. டிராய் மக்களுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். குதிரையை நம்பாதீர்கள் என்று எச்சரித்து அதன் விலாவில் ஈட்டி எறிந்த பூசாரி லவொகூன், இப்போது கடல் தெய்வமான நெப்டியூனுக்குக் காளையைப் பலியிட்டுக்கொண்டிருக்கிறான். அப்போது 203ஆம் வரி வருகிறது:

எக்கே அவுத்தெம் கெமினீ ஆ தெனெதோ திரங்குவில்ல பெர் அல்த
(ஹொர்ரெஸ்கோ ரெஃபெரென்ஸ்) இம்மென்ஸீஸ் ஓர்பிபுஸ் அங்குவேஸ்

இதைச் சொல் வரிசையிலேயே கேளுங்கள். இதோ பாருங்கள். இரண்டு. தெனெதோஸிலிருந்து. அமைதியான ஆழ்கடல் வழியே. சொல்லும்போதே நடுங்குகிறேன். மாபெரும் வளையங்களோடு. பாம்புகள்.

வினையைத் தேடிப் போகிறவர் அடுத்த வரியின் தொடக்கத்திலுள்ள 'இன்கும்புந்த்' என்ற வினையைப் பிடிப்பார். அது பன்மை என்று கண்டு திரும்பி வந்து எழுவாயாக 'அங்குவேஸ்' என்பதைப் பிடிப்பார். "பாம்புகள் கடல்மேல் சாய்கின்றன" என்று எழுதிவிட்டு மீதியை அதற்குள் செருகுவார். இலக்கணப்படி எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் வெர்ஜில் இரண்டு வரி முழுக்க ஒளித்து வைத்திருந்ததை அவர் முதல் நொடியிலேயே அம்பலமாக்கிவிட்டார்.

எங்கள் வாசிப்பில் நான் 'எக்கே அவுத்தெம் கெமினீ' என்ற மூன்று சொற்களை மட்டும் திரையில் காட்டி மீதியை மறைத்துவிடுவேன். என்ன தெரிகிறது? ஏதோ இரண்டு, எழுவாய் வடிவம், ஆண்பால் பன்மை. சகோதரர்களாக இருக்கலாம் என்பார் ஒருவர். அந்தச் சொல்லுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்ற பொருளும் உண்டு. அடுத்து 'ஆ தெனெதோ' என்பதைத் திறப்பேன். உடனே எல்லாருக்கும் கப்பல் நினைவு வரும், ஏனென்றால் கிரேக்கக் கப்பல்கள் அங்கேதான் நிற்கின்றன. ஆனால் கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' பெண்பால். அப்படியானால் 'கெமினை' என்று வந்திருக்க வேண்டும். கப்பல் இல்லை. பிறகு என்ன? கடலோ அமைதியாக இருக்கிறது. கதை சொல்கிறவன் நடுவில் நின்று நடுங்குகிறான். 'வளையங்களோடு' என்ற சொல் வரும்போது சிலருக்குப் புரிந்துவிடும். வரியின் கடைசிச் சொல்லைத் திறக்கும்போது யாரும் அகராதியைப் பார்ப்பதில்லை. விகுதி பார்த்துப் பால் அறிவது தேர்வுக்கான சடங்கு என்று நினைத்திருந்தவர்கள், அந்த ஒற்றை ஈகாரம் கப்பலை விலக்கிப் பாம்பைக் கொண்டுவந்ததைக் கண்ணால் பார்க்கிறார்கள். இதை எந்த வாய்பாட்டு அட்டவணையும் தர முடியாது.

உரைநடைச் சுருக்கம் என்னும் துணையை நான் வலியுறுத்திச் சொல்வேன். செய்யுளுக்குள் போவதற்கு முன் அதே காட்சியை எளிய இலத்தீன் உரைநடையில் ஐந்தாறு வாக்கியங்களாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ கொடுப்பதைவிட இலத்தீனிலேயே கொடுப்பது நல்லது. கற்பவர் கடலையும் பூசாரியையும் பலிபீடத்தையும் அவர் அறிந்த சொற்களில் முதலில் பார்த்துவிடுகிறார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கவிஞர் ஒளித்து வைப்பதைச் சுருக்கம் வெளியிடக் கூடாது. இந்தக் காட்சிக்கு நான் எழுதும் சுருக்கம் 'அலிகுவித் ஆ தெனெதோ வெனித்' என்று முடியும். தெனெதோஸிலிருந்து ஏதோ வருகிறது, அவ்வளவுதான். பாம்பைக் கவிதையிலேயே சந்திக்கட்டும்.

உரைநடையில் தொடங்குவது மட்டமான வழி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வெர்ஜிலைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழைய வாழ்க்கை வரலாறு, அவரே ஈனியட்டை முதலில் உரைநடையில் எழுதிப் பன்னிரண்டு காண்டங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் மனம் போன பகுதியை எடுத்துச் செய்யுளாக்கினார் என்று சொல்கிறது. கி.மு. 19இல் அவர் இறந்தபோது வேலை முற்றுப்பெறவில்லை. ஏறத்தாழ 9,900 வரிகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவை அரைகுறை வரிகளாகவே நிற்கின்றன. கவிஞர் ஏறிய படியில் மாணவர் ஏறுவதில் என்ன இழுக்கு?

ரோமானிய ஆசிரியர்களும் இதைச் செய்தார்கள். கி.பி. 400ஐ ஒட்டிய காலத்தில் வெர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியுஸ், வாக்கியம் சிக்கலாகும் இடங்களில் 'ஓர்தோ எஸ்த்' என்று தொடங்கிச் சொற்களை உரைநடை வரிசையில் அடுக்கிக் காட்டுவார். நம் உரையாசிரியர்களின் கொண்டுகூட்டைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது சொந்த வீட்டுப் பழக்கம் போலவே தோன்றும். இலத்தீனைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே இந்த உதவி தேவைப்பட்டது என்பதை, வெர்ஜில் புரியவில்லை என்று கூசுகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

இலத்தீன் தாய்மொழி இல்லாதவர்களுக்கும் அன்று வழி இருந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் சிலவற்றில் ஈனியட் இரண்டு ஒடுங்கிய பத்திகளாக எழுதப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் இலத்தீன், ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொற்கள். வலப்பக்கம் அதே சொற்களுக்கான கிரேக்கம். கிரேக்கம் பேசியவர்கள் வெர்ஜிலை வாசித்துப் பழகிய ஏடுகள் அவை. அந்தச் சிறு துண்டுகளைப் பார்க்கும்போது, திரையில் சொற்களை மறைத்து மறைத்துக் காட்டும் என் வேலைக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு முன்னோடி இருக்கிறது என்று மகிழ்ச்சி பொங்குகிறது. ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் கற்பித்த பிரிஸ்கியன் இன்னும் ஒரு படி மேலே போனார். பன்னிரண்டு காண்டங்களின் முதல் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழுப் பாடநூல் எழுதினார். அதில் அவர் கேட்கும் முதல் கேள்வி சொல் என்ன, வேற்றுமை என்ன என்பதில்லை. வரியைச் சீர் பிரித்துக் காட்டு என்பதே. இலக்கணக் கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இயேசு சபைப் பள்ளிகள் 1599இல் வகுத்த கல்வித் திட்டத்திலும் இந்த முறை இருக்கிறது. ஆசிரியர் முதலில் பகுதி முழுவதையும் உரக்க வாசிக்க வேண்டும், பிறகு சாரத்தைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே வாக்கியம் வாக்கியமாக விளக்க வேண்டும். அந்தச் சபைக் கல்வியில் வளர்ந்த ஒருவர்தான் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். அவர் 1680இல் பிறந்த காஸ்திக்லியோனே தெல்லே ஸ்தீவியேரே, வெர்ஜில் பிறந்த அதே மாந்துவா வட்டாரத்து ஊர். மாந்துவாக் கவிஞரின் மண்ணிலிருந்து கிளம்பியவர் தமிழில் காவியம் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு மொழிகளையும் சேர்த்து வாசிக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிரிஸ்கியன் சீர் பிரிப்பதை முதலில் வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. நான்காம் காண்டத்தின் தொடக்கம் இது. டிடோ ஈனியாஸ்மேல் காதல் கொண்டு வேகிறாள்:

அத் ரேகீன கிரவீ யாம்தூதும் சவுகிய கூரா
வுல்னுஸ் அலித் வேனீஸ் எத் கைகோ கார்பித்துர் இக்னீ

ஆனால் அரசியோ, நெடுநேரமாய்க் கடுங்கவலையால் புண்பட்டு, அந்தப் புண்ணைத் தன் குருதியால் வளர்க்கிறாள், கண்காணா நெருப்பில் தேய்கிறாள். இலத்தீன் எழுத்தில் 'ரேகீன', 'சவுகிய', 'கூரா' மூன்றும் ஒரே எழுத்தில்தான் முடியும். இறுதி அகரம் குறிலானால் எழுவாய். நெடிலானால் அபிளேட்டிவ், அதாவது நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலைகளைச் சேர்த்துச் செய்யும் வேற்றுமை. நெடில் குறி போடாத பதிப்பில் இதைக் கண்ணால் பிரிக்க முடியாது. காதால் முடியும். 'ரேகீன கிரவீ' என்ற இடத்தில் 'கீ' நெடில், அடுத்த இரண்டும் குறிலாக இருந்தால்தான் சீர் அமையும். ஆக அரசி எழுவாய். 'சவுகிய' என்பதும் அப்படியே, புண்பட்டவள் அரசி. வரியின் கடைசி அசை குறிலானாலும் நெடிலானாலும் யாப்பு ஏற்றுக்கொள்ளும் என்பதால் 'கூரா' பற்றி யாப்பு எதுவும் சொல்லாது. அங்கே 'கிரவீ' கைகொடுக்கிறது. வரியின் தொடக்கத்திலேயே வந்து, தனக்குரிய பெயர்ச்சொல் எப்போது வரும் என்று அது காத்து நிற்கிறது. கடைசிச் சொல்லில்தான் அந்தக் காத்திருப்பு முடிகிறது. 'கடுமையான' என்பதற்கும் 'கவலை' என்பதற்கும் நடுவே புண்பட்டவள் அடைபட்டுக் கிடக்கிறாள். அடுத்த வரியின் முடிவிலும் 'கைகோ', 'இக்னீ' இரண்டுக்கும் நடுவே 'தேய்கிறாள்' என்ற வினை சிக்கியிருக்கிறது.

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. குறில் நெடிலை வேறு வேறாக எழுதும் எழுத்து நம்முடையது. வேறு மொழிக்காரர்கள் உயிரின் அளவைக் கேட்கவே மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கும்போது நமக்கு அது சிறுவயதிலேயே செவியில் இருக்கிறது. இந்தக் காவியத்தின் யாப்பான ஹெக்ஸாமீட்டரில் வரிக்கு ஆறு சீர். ஒரு நெடிய அசையும் இரண்டு குறிய அசைகளும் கொண்ட டாக்டில் என்னும் சீர் கூவிளத்தையும், இரண்டு நெடிய அசைகள் கொண்ட ஸ்பாண்டி தேமாவையும் நினைவூட்டும். ஒற்று வரும் இடங்களில் கணக்கு நம்முடையதிலிருந்து வேறுபடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இலத்தீனில் ஒற்றில் முடியும் அசை எப்போதும் நெடிய அசையாகவே எண்ணப்படும். ஐந்தாம் சீர் பெரும்பாலும் டாக்டில். இந்த அளவு தெரிந்தால் உரக்க வாசிக்கத் தொடங்கிவிடலாம். உயிர் முன் உயிர் வந்து கெடுவதும் நமக்குப் புதிதில்லை. 'மோன்ஸ்த்ரும் ஹொர்ரெந்தும் இன்ஃபோர்மே இங்கேன்ஸ்' என்று மூன்றாம் காண்டத்தில் ஒற்றைக்கண் அரக்கன் வரும்போது ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்ததற்குள் புதைந்து, வரியே தட்டுத்தடுமாறி நடக்கும். அதை வாய்விட்டுச் சொல்லாதவர் பாதியை இழக்கிறார்.

ஒரே வரியில் இரண்டு அடை முதலில், நடுவில் வினை, இரண்டு பெயர்கள் கடைசியில் என்று வரும் அமைப்பு பலரை மிரட்டும். முதல் காண்டத்தில் ஜூபிட்டர் எதிர்காலத்தைச் சொல்லும் இடத்தில் 'ஆஸ்பெர தும் பொஸிதீஸ் மீதேஸ்கெந்த் சைகுல பெல்லீஸ்' என்று ஒரு வரி. கரடுமுரடான, அப்போது, கைவிடப்பட்ட, மென்மையாகும், யுகங்கள், போர்கள். முதல் அடை முதல் பெயருக்கு, இரண்டாம் அடை இரண்டாம் பெயருக்கு. 'அன்பும் அறனும்' குறளில் நிரல்நிறையைப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். போர்கள் ஓய்ந்து, கடுமையான காலம் கனியும்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகர வரிசைப் பட்டியல் காவியத்துக்கு உதவாது. பொருள் வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு மட்டும் மாரே, போந்துஸ், ஐக்குவோர், பெலகுஸ், ஃப்ரெதும், அல்தும், சால். நிகண்டு பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரைநடையில் வாளுக்கு வரும் 'கிளாதியுஸ்' இங்கே அரிது, 'என்ஸிஸ்' அல்லது 'ஃபெர்ரும்' என்றே வரும். கப்பலுக்கு அதன் அடிக்கட்டையோ பின்பக்கமோ பெயராகும். ஆள்பெயர்கள் அதைவிடத் தொல்லை. கிரேக்கர்கள் டனாய், அகீவீ, அர்கீவீ என்றும், டிராய்க்காரர்கள் தியூக்ரீ, தார்தனிதை, ஃப்ரிகெஸ் என்றும் மாறி மாறி வருவார்கள். ஜூனோ 'சதுர்னிய' ஆவாள், வீனஸ் 'கிதெரேய' ஆவாள். ஒரு வாக்கியம் புரியவில்லை என்று மாணவர் சொல்லும்போது, அவருக்குப் புரியாதது இலக்கணமா, யார் யாரை அடித்தார்கள் என்பதா என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் இரண்டாவதுதான். அதனால் தொடங்கும் முன்பே பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறேன். இரண்டாம் காண்டத்தின் முதல் சொல்லான 'கொந்திகுவேரே' போன்ற வடிவங்களையும் அப்படியே. அது 'மௌனமானார்கள்' என்னும் இறந்தகால வினை. உரைநடையில் 'ஏருந்த்' என்று முடிவது செய்யுளில் 'ஏரே' என்று குறுகியிருக்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் எச்சம் என்று எண்ணி அரை மணி நேரம் அலைவார்கள்.

அகராதிக்கு ஓடுவதைக் குறைப்பது கருணை மட்டுமில்லை, வாசிப்பின் உயிரே அதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1930இல் கிளைட் ஃபார் வெளியிட்ட ஈனியட் பாடப் பதிப்பு, சொற்பொருளை அதே பக்கத்தில் கொடுத்து, அடிக்கடி வரும் சொற்களை விரித்து வைத்துக்கொள்ளும் மடிப்புத் தாளில் போட்டது. முதல் ஆறு காண்டங்களை எத்தனையோ தலைமுறைகள் அதன் துணையில் கடந்தன. கண் பக்கத்தை விட்டு நகராமல் இருந்தால் சொற்கள் மனதில் தங்க இடம் கிடைக்கும். தேடிவிட்டுத் திரும்பும்போது 'கெமினீ' மறந்துபோயிருந்தால் காத்திருப்பு எங்கே?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் ஈனியட்டின் முதல் வரியைச் சொல்வதில்லை. அது ஏழு வரிக்கு நீளும் ஒரே வாக்கியம், புகழ்பெற்றது, ஆனால் பழகாத காதுக்கு அநியாயச் சுமை. இன்னொரு ரோமானியக் கவிஞரான ஓவிடின் 'மெடமோர்ஃபோஸஸ்' காவியத்தின் எட்டாம் காண்டத்தில் பவுகிஸ், ஃபிலேமோன் என்ற ஏழைத் தம்பதியின் வீட்டுக்குத் தெய்வங்கள் மாறுவேடத்தில் வரும் கதை இருக்கிறது. நூறு வரிக்குச் சற்று மேல். ஓவிடின் வரிகளில் டாக்டில்கள் அதிகம், ஓட்டம் வேகமானது, வாக்கியங்கள் இலகுவானவை. ஆடும் மேசையின் காலுக்கு அடியில் அந்தக் கிழவி ஓட்டுத் துண்டு வைத்துச் சமன் செய்வாள், பிறகு புதினா இலையால் மேசையைத் துடைப்பாள். இலக்கணம் நடுவில் நிற்பதே தெரியாமல் சமையலறைக்குள் போய்விடுவார்கள். அதை முடித்தவர்களோடுதான் லவொகூன் பகுதிக்கு, இரண்டாம் காண்டம் 199 முதல் 227 வரை, வருவேன். இருபத்தொன்பது வரிகள். அவசரமில்லாமல், சில அமர்வுகளில். ஒவ்வொரு அமர்வும் முந்தையதில் வாசித்ததை நிறுத்தாமல் உரக்க வாசிப்பதில் தொடங்கும். வெர்ஜிலுக்குப் பின் வந்த காவியக் கவிஞர் லூகனைக் கேட்பவர்களிடம் மறுத்துவிடுகிறேன். அவருடைய முறுக்கிய வாக்கியங்களுக்கு வெர்ஜிலில் சில காண்டங்களாவது உரக்க வாசித்த காது வேண்டும்.

உரைநடைச் சுருக்கத்தை எப்போது நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நான் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு. ஒரு வரியை மறைத்து மறைத்துத் திறக்கும்போது, ஓர் அடைச்சொல் தனியே வந்தவுடன் அவர் அதற்கு மொழிபெயர்ப்பைத் தேடாமல் "இதற்குரியது இன்னும் வரவில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போகச் சொன்னால், அடுத்த பகுதிக்கு நான் சுருக்கம் எழுதுவதில்லை. பெயர்ப் பட்டியலை மட்டும் அனுப்புகிறேன்.